போவா மலையில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

ரெஜ்ஜோ கலாப்ரியாவில் ரயில் ஏறினால் வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மலை. இத்தாலியை பூட்ஸ் என்று பள்ளிக்கூடத்தில் வரைந்திருப்போமே, அந்த பூட்ஸின் கால்விரல் நுனியைச் சுற்றிக்கொண்டு போகிறது வண்டி. ஜலசந்திக்கு அந்தப் பக்கம் சிசிலியின் எட்னா, தலையில் பனியும் வாயில் புகையுமாக நெடுநேரம் கூடவே வந்தது.

போவா மரீனாவில் இறங்கினோம். நானும் அக்காவும். அக்கா பத்து வருடமாக டுரினில் இருக்கிறாள், இத்தாலியன் சரளமாகப் பேசுவாள். "தெற்கே வந்தா என் இத்தாலியன் பாதிதான் செல்லும்டி" என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். மேலே மலைக்குப் போகும் பஸ் மூன்று மணிக்கு என்று பலகையில் போட்டிருந்தது. மூன்றும் ஆனது, நாலும் ஆனது. பக்கத்து பார்க்காரரிடம் கேட்டால், அது பழைய அட்டவணை என்று தோளைக் குலுக்கினார். கடைசியில் நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டுக்காரரே தன் பழைய ஃபியட் பாண்டாவில் இறங்கி வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பெட்டிகளை உள்ளே திணித்துவிட்டு, "மரீனா வேறு, போவா வேறு. நீங்கள் வந்தது மேலே இருக்கும் போவாவுக்குத்தானே?" என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டார்.

கேள்வி நியாயமானது. ஊர் மேலே, 800 மீட்டருக்கும் மேல் ஒரு பாறைத் தலையில் இருக்கிறது. கடற்கரையில் இருப்பது பிறகு முளைத்த ஊர். இந்தக் கரை முழுக்க இதே கதைதான். கீழே மலேரியா, கடலிலிருந்து கொள்ளைக்காரர்கள், அதனால் ஜனங்கள் மலையேறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரையோரமாக ரயில் வந்தது, கொசுவும் கொள்ளையும் போயின. ஏறியவர்கள் இறங்கத் தொடங்கினார்கள், இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். மேலே இப்போது மிஞ்சியிருப்பது சில நூறு பேர்.

வளைந்து வளைந்து பதினான்கு கிலோமீட்டர். அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. ஊர் எல்லையில் பெயர்ப் பலகை: மேலே 'போவா', கீழே இன்னொரு மொழியில் 'கோரா து வூவா'. இதற்காகத்தான் வந்தோம். இத்தாலியின் கடைக்கோடியில் இன்னும் கிரேக்கம் பேசுகிற ஊர்கள் நாலைந்து உண்டு, அவற்றுக்கெல்லாம் தலைநகர் போவா என்று படித்திருந்தேன்.

சாப்பாடு லெஸ்தோபித்தா. மாவைப் பிசைந்து மெல்லிசாகத் தட்டி ஆலிவ் எண்ணெயில் பொரித்தது. பூரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. நான் நாலு சாப்பிட்டேன். படுக்கும் முன் சுவருக்கு அந்தப் பக்கம் வயதான பெண் குரல் ஒன்று போனில் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. "என்ன சொல்றாங்க?" என்று அக்காவைக் கேட்டேன். "ஒரு வார்த்தை புரியல. நான்தான் சொன்னேனே, தெற்கத்தி பேச்சு" என்றாள்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் சதுக்கத்துக்குப் போனால் நடுவில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. கறுப்பாக, நிஜமான, முழு எஞ்சின். இந்த ஊருக்கு எந்தக் காலத்திலும் ரயில் வந்ததில்லை, வரவும் முடியாது. ரயில்வேயில் உழைத்தவர்களின் நினைவாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம், சதுக்கத்தின் பெயரே ரயில்வேக்காரர்கள் சதுக்கம். ஊரைக் காலி பண்ணிய வண்டிக்கே சிலை வைத்த ஊர் இதுவாகத்தான் இருக்கும். எஞ்சின் நிழலில் மூன்று கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசியது இத்தாலியன்தான், அக்காவுக்குப் பாதி புரிகிற இத்தாலியன்.

மேலே மேலே ஏறினால் நார்மன் காலத்துக் கோட்டையின் இடிபாடு. சுவர் என்று சொல்ல ஒன்றிரண்டு துண்டுகள்தான், மீதி எல்லாம் பாறை. அதில் கால்தடம் போல ஒரு பள்ளம் இருக்கிறது. ஊரை உண்டாக்கிய ராணியின் பாதம் என்கிறார்கள். கால் வைத்துப் பார்த்தேன், எனக்கு ராணியாகும் யோகம் இல்லை. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அயோனியக் கடல், பின்னால் அஸ்ப்ரோமொந்தே மலைத்தொடர், காட்டாறுகளின் வெள்ளை வெளேரென்ற கல் படுகைகள். ஃபியுமாரா என்று பெயர் அவற்றுக்கு. கோடையில் சொட்டுத் தண்ணீர் இராது, மழை வந்தால் ஊரையே வாரிக்கொண்டு போகும்.

1847-ல் எட்வர்ட் லியர் இந்தப் பக்கம் கால்நடையாக வந்திருக்கிறார். வேடிக்கைப் பாட்டு எழுதிப் பெயர் வாங்கிய அதே ஆங்கிலேயர். பிழைப்புக்கு நிலக்காட்சி ஓவியர். சாமானைக் குதிரைமேல் ஏற்றி, வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் படம் வரைந்திருக்கிறார். செப்டம்பரில் ரெஜ்ஜோவில் கலகம் வெடிக்க, பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார். நாங்கள் ஒரு பஸ்ஸுக்குப் புலம்பினோம்.

கோட்டைக்குக் கீழே கதீட்ரல். பெயர் சாந்தா மரியா தெல் இசோதியா. இசோதியா என்பது கிரேக்கச் சொல், மாதா சிறுமியாகக் கோயிலுக்குள் நுழைந்த திருநாளைக் குறிப்பது. போப்பின் நாட்டில் கிரேக்கப் பெயரில் மாதா எப்படி? இந்தப் பகுதி நூற்றாண்டுகளாக பைசாந்தியப் பேரரசின் கையில் இருந்தது. வழிபாடும் கிரேக்க முறைப்படி, கிரேக்க மொழியில். நார்மன்கள் வந்து ஆட்சி மாறிய பிறகும் பூசை மாறவில்லை. வடக்கே ஜெராச்சேயில் 1480-ல் லத்தீன் முறைக்கு மாற்றிவிட்டார்கள். போவா பிடிவாதமாக 1572 வரை தாக்குப்பிடித்தது. அந்த வருடம் ஜூலியோ ஸ்தவுரியானோ என்ற ஆயர் லத்தீன் பூசையைக் கொண்டுவந்தார்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கோயிலில் இருக்கிறவரை ஒரு மொழிக்கு எழுத்து இருக்கும், படித்த சாமியார்கள் இருப்பார்கள், மரியாதை இருக்கும். அங்கிருந்து வெளியே வந்ததும் அது ஆட்டுக்காரர் மொழியாக, அடுப்படி மொழியாக ஆனது. அதற்குப் பிறகும் நானூறு வருடம் உயிரோடு இருந்ததுதான் ஆச்சரியம். மலை காப்பாற்றியது. ரோடு இல்லாததே அதற்குக் காவல்.

இதைக் கண்டுகொண்டு ஓடி வந்தவர் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் என்ற ஜெர்மானிய மொழியியலாளர். அவர் பெயரில் இங்கே கிரேக்க மொழி மியூசியம் வைத்திருக்கிறார்கள். 1892-ல் பிறந்தவர், 1986 வரை வாழ்ந்தவர். நடந்தும் கோவேறு கழுதையிலும் இந்தக் கிராமங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சொற்களைச் சேகரித்தார். திராட்சை மிதிக்கும் தொட்டியை இங்கே 'லனோ' என்கிறார்கள். பழைய ஏதென்ஸ்காரர்கள் 'லேனோஸ்' என்று சொல்லிவந்த சொல். அந்த 'ஆ' ஓசை, கிறிஸ்து பிறப்பதற்கு ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த கிரேக்கர்களில் ஒரு பிரிவான டோரியர்களின் உச்சரிப்பு. எனவே இந்த மொழி பழைய குடியேற்றத்திலிருந்தே அறுபடாமல் வருகிறது என்பது ரோல்ஃப்ஸின் வாதம். இல்லை, பைசாந்தியர் காலத்தில் புதிதாக வந்ததுதான் என்று இத்தாலிய அறிஞர்கள் சிலர் மல்லுக்கு நின்றார்கள். இத்தாலிய மண்ணில் இடைவிடாமல் இன்னொரு மொழி இருந்தது என்பது அங்கே பலருக்கும் கசந்தது. எனக்கென்னவோ இரண்டு பக்கமும் பாதிப் பாதி சரி என்றுதான் படுகிறது. அடியில் பழைய வேர், மேலே பைசாந்திய உரம். ஆனால் சுற்றுலாக்காரர்கள் 'அப்படியே ஹோமரின் மொழி' என்று விற்பதை நம்பாதீர்கள்.

சரி, மொழி எங்கே? தெருப் பலகையில் இருக்கிறது. மியூசியத்தில், கடை முகப்பில், தண்ணீர்க் குழாய் மேல்கூட இருக்கிறது. பெரும்பாலும் லத்தீன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற நம் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. 1999-ல் வந்த 482-ஆம் எண் சட்டம் பன்னிரண்டு சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தது, கிரேக்கமும் அதில் ஒன்று. பலகைகள் அதன் பயன். நாள் முழுக்க சுற்றினோம், காதில் ஒரு கிரேக்கச் சொல் விழவில்லை.

மூன்றாம் நாள், சனி

வீட்டுக்காரர் காலையில் பாண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொகூதி என்ற பழைய மலையூரைப் பார்க்க வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தோம். "அது என் அம்மா ஊர்" என்றார். கல்யாணமாகி போவாவுக்கு வந்தவராம். சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் அவருடையதுதான்.

ரோடு முதலில் மலை உச்சி வரை ஏறி, அப்புறம் மறுபக்கம் சரேலென்று இறங்குகிறது. வழியில் பாறை ஒன்று, கண்கள் போல இரண்டு வட்டம் பதிந்தது. டிராகன் பாறை. அதற்குக் கொஞ்சம் தள்ளி மண்ணில் உருண்டை உருண்டையாகப் புடைத்த ஏழு மேடுகள், டிராகனுக்குப் பால் காய்ச்சும் அண்டாக்கள். டிராகன் புதையலுக்குக் காவல். அக்கா ஐந்து போட்டோ எடுத்தாள்.

ரொகூதி ஒரு கத்தி முனையில் இருக்கிறது. அமெந்தொலேயா காட்டாற்றின் பள்ளத்தாக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை விளிம்பு, அதன் இருபுறமும் தொங்குவதுபோல வீடுகள். கூரை விழுந்து, ஜன்னல் போய், உள்ளே அத்திமரம் முளைத்து நிற்கின்றன. 1971 அக்டோபரில் பெய்த பேய்மழையில் சரிவு கண்டது. ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. 1973 தொடக்கத்தில் மறுபடியும் மழை, அதோடு முடிந்தது. ஜனங்கள் உறவினர் வீடு, முகாம் என்று கரையோர ஊர்களில் சிதறினார்கள். மெலிட்டோவுக்குப் பக்கத்தில் புது ரொகூதி கட்டிக் கொடுப்பதற்குள் வருடக்கணக்காகிவிட்டது. பழைய ஊர் மலைக்குள், புது ஊர் கடலோரம், நடுவே வேறு ஊர்களின் நிலம். காகிதத்தில் மட்டும் இரண்டும் ஒரே ஊராட்சி.

வீட்டுக்காரர் ஒரு வாசலில் நின்று போனில் படம் எடுத்தார். படி மூன்று மிச்சம், நிலை இருக்கிறது, கதவில்லை.

நான் கேட்க நினைத்ததை அக்கா கேட்டாள். மழை போன பிறகு திரும்பி வந்திருக்கக் கூடாதா? அவர் யோசித்துச் சொன்னார்: மழைக்கு முன்பே பாதிப் பேர் மிலானிலும் ஜெர்மனியிலும் இருந்தார்கள். இங்கே டாக்டர் இல்லை, வேலை இல்லை. கீழே போனதும் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். வாயைத் திறந்தால் மலையாட்டுக்காரன் என்று மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "அம்மா என்னிடம் கிரேக்கம் பேசவே இல்லை, இத்தாலியன் மட்டும்தான். நான் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது என்று. அவர்கள் பேசுவது எனக்குப் புரியும். பதில் சொல்ல வராது."

முசோலினி காலத்தில் இத்தாலியன் தவிர மற்றவை பள்ளியில் ஒடுக்கப்பட்டன என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் ஒரு மொழியை முடிக்க அவ்வளவு பெரிய ஆள் தேவையில்லை போலிருக்கிறது. பக்கத்து பெஞ்சுப் பையன் போதும்.

சாயங்காலம் அம்மாவைப் பார்த்தோம். எண்பத்து நாலு வயது, கறுப்பு உடை, காதில் தங்க வளையம். மகன் எடுத்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். படியைக் காட்டி ஏதோ சொன்னார், மகன் இத்தாலியனில் பதில் சொன்னார். ரொகூதியில் குழந்தைகள் பள்ளத்தில் விழாமல் இருக்கக் கணுக்காலில் கயிறு கட்டி வைப்பார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்களே, நிஜமா என்று அக்கா மூலம் கேட்டேன். அவர் சிரித்தார். "என்னை யாரும் கட்டவில்லை. கட்டினது ஆட்டுக்கு."

அப்புறம் எங்கள் முறை. எங்கள் மொழியைப் பேசச் சொன்னார். அக்காவும் நானும் ஏதோ பேசினோம், சட்னியைப் பற்றி என்று நினைக்கிறேன். இதை எத்தனை பேர் பேசுகிறார்கள்? ஏழெட்டுக் கோடி என்றாள் அக்கா. கிழவி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். தண்ணீர் நெரோ. சூரியன் ஈல்யோ. நிலா ஃபெங்காரி. நான் சொல்லச் சொல்ல உச்சரிப்பைத் திருத்தினார், மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது. எங்களை மறந்தே போனார். புது ரொகூதியில் இருக்கும் தங்கையாம், தினமும் இந்த நேரம். முதல் நாள் இரவு தெற்கத்தி இத்தாலியன் என்று அக்கா சொன்னது கிரேக்கம்! அன்றைக்கு மட்டும் இரண்டாம் தடவையும் கூப்பிட்டிருக்கிறார், நாங்கள் வந்த செய்தியைச் சொல்ல.

நான்காம் நாள், குருத்தோலை ஞாயிறு

குருத்தோலை என்று சொல்கிறேன், ஓலையே கிடையாது. இங்கே ஆலிவ் இலை. ஊரில் பல வீடுகளில் சில நாட்களாகவே நடக்கும் வேலை இது. ஆலிவ் இலைகளை ஒவ்வொன்றாகப் பின்னி, நாணல் தண்டின்மேல் சுற்றிச் சுற்றி ஒரு பெண் உருவத்தையே செய்துவிடுகிறார்கள். இடை, பாவாடை, தோள் எல்லாம் இலை. அதன்மேல் காட்டுப்பூ, ஆரஞ்சு, அவரை என்று அந்தப் பருவத்தில் விளைந்தது எல்லாம் நகை. ஆளுயரத்துக்கு இருப்பவை தாய்கள், சின்னவை மகள்கள். பொதுப்பெயர் புபாத்சே, அதாவது பொம்மைகள்.

காலையில் சான் லெயோ கோயிலில் எல்லா பொம்மைகளும் கூடின. சான் லெயோ ஊரின் காவல் துறவி. அஸ்ப்ரோமொந்தேயில் பைன் மரத்தைக் கொத்திக் கீல் எடுத்து, அதை விற்று ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தவர் என்பது கதை. அதனால் சிலையின் கையில் கோடாலியும் கீல் உருண்டையும். கோடாலி பிடித்த சாதுவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அங்கிருந்து தாய்களையும் மகள்களையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக கதீட்ரலுக்கு ஊர்வலம். வெயிலில் அந்தப் பச்சைப் பெண்கள் ஆடி ஆடிப் போவதைப் பார்த்தபோது, நம் ஊர் முளைப்பாரி எடுத்துப் போவது கண்முன் வந்தது. முளைப்பாரியில் பெண்கள் தூக்குவார்கள், இங்கே ஆண்களும் தூக்குகிறார்கள்.

இது தெமெத்தெரும் அவள் மகள் பெர்செபொனெயும்தான் என்று இப்போது எல்லா விளம்பரத் தாளிலும் அச்சடிக்கிறார்கள். கிரேக்கப் புராணத்தின் பயிர்த்தாய், பாதாளத்துக்குக் கவர்ந்து போகப்பட்டு வசந்தத்தில் திரும்பி வரும் மகள். கரையோரமாக வடக்கே போனால் லொக்ரியில் பெர்செபொனெக்குப் பெரிய கோயில் இருந்ததும், அங்கே அவள் கதை பதித்த சுடுமண் பலகைகள் குவியல் குவியலாகக் கிடைத்ததும் உண்மை. தாய், மகள், வசந்தம், விளைச்சல், எல்லாம் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் இடையில் இரண்டாயிரம் வருடம் இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் அக்கா கேட்டாள், இது பெர்செபொனெயா என்று. "டி.வி.க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நாங்கள் பொம்மை என்போம்" என்றார். எனக்கு இந்தப் பதில் போதும்.

பூசை முடிந்து மந்திரித்ததும் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கதீட்ரல் வாசலிலேயே பொம்மைகளைப் பிரித்துவிட்டார்கள். இத்தனை நாள் பின்னியது பத்து நிமிடத்தில் காலி. பின்னிய கொத்துகளைக் கூட்டத்துக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் வைப்பார்கள், தோட்டத்து மரத்தில் கட்டுவார்கள். எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று.

மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிய கையால் திரித்த மாக்கரோனி. கூடவே முசுலுப்பு என்ற புதுப் பாலாடைக்கட்டி, ஈஸ்டர் சமயத்தில் செய்வது. மல்பெரிக் கட்டையில் ஆட்டுக்காரர்கள் செதுக்கிய அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். அச்சில் இருப்பதும் பெண் உருவம்தான். அம்மா மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டுமென்றால் என்னைப் பார்த்தார். "நெரோ" என்று சொன்னால்தான் கூஜா என் பக்கம் வந்தது. மகனும் ஒருமுறை மெல்ல "நெரோ" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் கூஜாவை நகர்த்தினார்.

ஐந்தாம் நாள், திங்கள்

கீழே இறங்கியாயிற்று. ரயிலுக்கு முன் கிடைத்த நேரத்தில் பெர்கமோட் தோட்டம் ஒன்றைப் பார்த்தோம். எலுமிச்சைக்கும் புளிப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பு. ஏர்ல் கிரே டீயின் வாசனை இதுதான். உலகத்தில் விளைவதில் பெரும்பகுதி ரெஜ்ஜோவைச் சுற்றிய இந்த ஒடுங்கிய கரையில்தான். சாறு இரண்டாம்பட்சம், தோல் எண்ணெய்தான் பணம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 200 கிலோ பழம். அறுவடை குளிர்காலத்தோடு முடிந்துவிட்டது, மரத்தில் தப்பிய ஒன்றிரண்டு மட்டும். நகத்தால் கீறிப் பார்த்தேன், கை இன்னும் மணக்கிறது.

பக்கத்தில் சான் பஸ்குவாலேயில் நாலாம் நூற்றாண்டு யூதக் கோயிலின் தரை இருக்கிறது, ஏழு கிளை விளக்கு பதித்த மொசைக். 1980-களில் ரோடு போடத் தோண்டியபோது அகப்பட்டது. திங்கள்கிழமை என்பதால் மியூசியம் பூட்டு. வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வந்தோம்.

மாலை ரயில். இந்தத் தடவை கடல் இடப்பக்கம். அக்காவின் மடியில் ஆலிவ் கொத்து, இலை ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. மெலிட்டோவில் வண்டி நின்றது. மலை அடிவாரத்தில் வரிசை வரிசையாகக் கட்டட விளக்குகள், அதில் எது புது ரொகூதி என்று தெரியவில்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஐந்து.

"இப்ப போன் பண்ணினா லைன் பிஸியாதான் இருக்கும்" என்றாள்.